முடிச்சூர் – சோழிங்கநல்லூர், தினம் 48 கி.மீ.: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சரிப்படுமா?

#1 முடிச்சூர்க்காரன் | 8 ஜூன் 2025

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி. இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலைமை.

வீடு முடிச்சூர், ஆபீஸ் சோழிங்கநல்லூர். தாம்பரம் மேம்பாலம், சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று போகிற வழி. போக 24, வர 24. கையில் இருப்பது 11 வருஷப் பழைய 110 சிசி ஸ்கூட்டர். லிட்டருக்கு 40 கொடுத்தாலே பெரிய விஷயம். மாசம் 23 நாள் ஆபீஸ், பெட்ரோலுக்கு மட்டும் 2,800 ரூபாய் போகிறது. போன வாரம் கார்புரேட்டரைக் கழற்றிய மெக்கானிக், "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார்" என்று அவரே சொல்லிவிட்டார்.

எலெக்ட்ரிக் எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. ஷோரூமில் 145 கி.மீ., 150 கி.மீ. என்கிறார்கள். நிஜத்தில் எவ்வளவு வரும்? ஒரு சார்ஜில் போய்விட்டு வந்துவிட முடியுமா? இன்னொன்று, எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி. கீழே பார்க்கிங்கில் பிளக் கிடையாது. 12 வீடு. அசோசியேஷன் செயலாளரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். "வேலூர்ல என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?" என்று முடித்துவிட்டார். சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்த அந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறார்.

#2 பெட்ரோல்_பக்தன் | 8 ஜூன் 2025

எடுக்காதீர்கள். என் மச்சான் வண்டி ஒரு சின்ன பார்ட்டுக்காக சர்வீஸ் சென்டரில் 23 நாள் நின்றது. கம்பெனி பெயரைச் சொன்னால் சண்டை வரும், விடுங்கள். அந்த 23 நாளும் என் வண்டியைத்தான் வாங்கிக்கொண்டு போனான், டேங்கைக் காலி செய்து கொடுத்தான்.

#3 இரவுப்பறவை_குரோம்பேட்டை | 9 ஜூன் 2025

நான் உணவு டெலிவரி. ஒரு நாளைக்கு 100, 110 கி.மீ. ஓட்டுகிறேன். இரண்டு வருஷமாக எலெக்ட்ரிக்தான், அதனால் கேட்டுச் சொல்வதில்லை, ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

ஷோரூம் கணக்கை மறந்துவிடுங்கள். அது டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிய கணக்கு. சுமார் 3 யூனிட் பேட்டரி என்றால் ஊருக்குள் ஒரு கி.மீட்டருக்கு 28, 30 வாட் மணி செலவாகும். அதாவது 95, 100 கி.மீ. வரும். 40, 45 வேகத்தில் போனால் அப்படி. மேடவாக்கம் பாலத்தின் மேல் காலியாக இருக்கிறது என்று 65இல் முறுக்கினால் 75க்கு இறங்கிவிடும். காற்றைக் கிழிக்கத்தான் கரண்ட் போகிறது, பாரத்துக்கு அவ்வளவு இல்லை. பின்னால் ஆள் உட்கார்ந்தால் குறைகிறது என்பார்கள், குறையும், ஆனால் வேகம் தின்கிற அளவுக்கு இல்லை.

டயரில் காற்று குறைந்தால் 5, 6 கி.மீ. காணாமல் போகும். வாராவாரம் காற்றுப் பிடியுங்கள். பெட்ரோல் பங்க் பக்கம் போகிற வேலை இல்லாததால் காற்றும் மறந்துபோகும். எனக்கு அப்படித்தான் மறந்தது.

உங்கள் 48க்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஐம்பது சதவீதம் மிச்சம் இருக்கும். ஒன்றே ஒன்று, சத்தம் வராது. ராத்திரி 11 மணிக்குத் தெருநாய்க்கு நீங்கள் வருவது தெரியாது, கிட்ட வந்த பிறகு தெரியும். அப்புறம் உங்களுக்கும் தெரியும்.

#4 கோவை_சித்ரா | 9 ஜூன் 2025

முடிச்சூர் சார், நான் பள்ளி ஆசிரியை. சிங்காநல்லூரில் வீடு, போக வர 16 கி.மீ. நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

2020இல் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று ஒரு வண்டி வாங்கினேன். 250 வாட் மோட்டார், 25 கி.மீ. வேகம், அதற்கு மேல் போகாது. சட்டப்படி அந்த வகைக்குப் பதிவே தேவையில்லை. விலை மலிவு என்பதால் லெட் ஆசிட் பேட்டரி போட்டிருந்தார்கள். முதல் ஆறு மாசம் ராணி மாதிரிப் போனேன். ஒன்றரை வருஷத்தில், பள்ளிக்குப் போனால் திரும்ப வராது என்ற நிலை. ஸ்டாஃப் ரூமில் சார்ஜ் போட ஹெச்.எம். ஒத்துக்கொள்ளவில்லை. சிங்காநல்லூர் குளத்தை ஒட்டி ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன், பத்தாம் வகுப்புப் பையன்கள் சைக்கிளில் என்னைக் கடந்து "குட் ஈவ்னிங் மிஸ்" சொல்லிக்கொண்டு போனார்கள்.

இப்போது வைத்திருப்பது பச்சை நம்பர் பிளேட் போட்ட வண்டி. லித்தியம் பேட்டரி. மூன்றாவது வருஷம். ஒரு தொந்தரவும் இல்லை. 48 கி.மீ. ஓட்டுகிறவர் அந்தச் சின்ன வண்டி பக்கமே போகக் கூடாது.

#5 முடிச்சூர்க்காரன் | 10 ஜூன் 2025

நன்றி இரவுப்பறவை தம்பி, நன்றி மேடம். அப்போது தூரம் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பேட்டரியைக் கழற்றி மேலே எடுத்துப் போகிற மாடல் இருக்கிறதே, அதை எடுத்தால் பிளக் சண்டையே வராது அல்லவா?

#6 இரவுப்பறவை_குரோம்பேட்டை | 10 ஜூன் 2025

மூன்று மாடி, லிஃப்ட் இருக்கா அண்ணா? என் கூட்டாளி ஒருத்தன் வைத்திருக்கிறான். இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றும் 11 கிலோ. முதல் வாரம் ஜிம் என்றான். இப்போது ஒன்றை மட்டும் தூக்கிப் போகிறான்.

#7 முடிச்சூர்க்காரன் | 10 ஜூன் 2025

லிஃப்ட் இல்லை. புரிந்துவிட்டது.

#8 வயர்மேன்_தாத்தா | 11 ஜூன் 2025

தம்பி, நான் 34 வருஷம் வயரிங் வேலை பார்த்தவன். இங்கே எல்லாரும் வண்டியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பிளக்கைப் பற்றிச் சொல்கிறேன். வண்டி எந்தக் கம்பெனி என்பது இரண்டாவது, எதில் செருகப் போகிறீர்கள் என்பதுதான் முதலாவது.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஈபி மீட்டர் எங்கே இருக்கிறது? நம்ம ஊர் அபார்ட்மென்டில் பெரும்பாலும் தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக மாட்டியிருப்பார்கள். உங்கள் மீட்டரும் அங்கேதான் இருக்கும். மூன்றாவது மாடியிலிருந்து வயர் தொங்கவிட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் மீட்டருக்கு அடுத்து, உங்கள் மெயினிலிருந்து தனியாக ஒரு லைன் எடுத்து, சுவரோடு பைப்பில் கொண்டுபோய் உங்கள் வண்டி நிற்கிற இடத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். 12 வீட்டு பில்டிங்கில் அந்த வயர் பத்து, பதினைந்து மீட்டர் நீளத்துக்கு மேல் வராது. ஓடுவது உங்கள் ரீடிங். அசோசியேஷனுக்கு ஒரு பைசா செலவில்லை.

காமன் மீட்டரிலிருந்து எடுக்காதீர்கள். அதற்கு வேறு டாரிஃப், வீட்டுக்குக் கிடைக்கிற முதல் 100 யூனிட் இலவசம் அதற்குக் கிடையாது. அப்புறம் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று மாசாமாசம் பஞ்சாயத்து நடக்கும்.

வண்டியோடு வருகிற சார்ஜர் 750 வாட் அளவில்தான் இருக்கும். ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கிற கரண்ட். அதைக் கேட்டு எல்லாரும் "அவ்வளவுதானா" என்று சாதாரண 5 ஆம்ப் பிளக்கில் செருகிவிடுவார்கள். அங்கேதான் தப்பு. அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானே நிற்கும், திரும்ப எடுக்கும். மொத்தம் இருபது நிமிஷ வேலை. சார்ஜர் நாலைந்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். பிளக் முள் லேசாக லூசாக இருந்தால் அந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகும், அப்புறம் உருகும். நான் கழற்றிய கருகின சாக்கெட்டில் முக்கால்வாசி லூஸ் கான்டாக்ட்தான், ஓவர்லோடு இல்லை.

ஆகவே 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 16 ஆம்ப் சாக்கெட், கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற தனி எம்சிபி. கூடவே கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம். மழைத்தண்ணீரில் நின்றுகொண்டு கைவைக்கிற இடம் அது. எர்த் கம்பி உண்மையிலேயே எர்த்துக்குப் போகிறதா என்று டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பச்சை வயர் இருக்கும், மறுமுனை எங்கேயும் போகாது. இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

#9 பெட்ரோல்_பக்தன் | 11 ஜூன் 2025

தாத்தா சொன்னது சரி. ஆனால் வேலூரை யாரும் தொடவில்லையே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

#10 கோவை_சித்ரா | 11 ஜூன் 2025

சொல்கிறேன். 2022 மார்ச்சில் நடந்தது. ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதைப் படித்த நாளிலிருந்து ஒரு மாசம் என் வண்டியை எங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே விடவில்லை. பயப்படுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது.

அந்த வருஷம் வேறு ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் மத்திய அரசு குழு போட்டு, ஏஐஎஸ் 156 என்ற பேட்டரித் தர விதியைத் திருத்தினார்கள். 2022 டிசம்பர் 1இல் முதல் கட்டம், 2023 மார்ச் 31இல் இரண்டாம் கட்டம். ஒரு செல் தீப்பிடித்தால் மற்றதற்குப் பரவாமல் இருக்க இடைவெளி, வெப்பத்தை அளக்கிற சென்சார், சூடானால் எச்சரிக்கிற ஒலி எல்லாம் அதில் வருகிறது. யாராவது 2022 மாடலை மலிவாகத் தருகிறேன் என்றால் நான் வாங்க மாட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இன்னொன்று. படுக்கை அறைக்கோ வாசல் வழிக்கோ பக்கத்தில் சார்ஜ் போடக் கூடாது. தீ வந்தால் வெளியே ஓட வழி இருக்க வேண்டும். அந்த விதத்தில் உங்கள் திறந்த பார்க்கிங், வீட்டு ஹாலைவிட நூறு மடங்கு மேல். மாடிப்படிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், 12 வீடும் இறங்குகிற வழி அது. செயலாளரிடம் இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

#11 பேட்டை_மெக்கானிக் | 12 ஜூன் 2025

சைதாப்பேட்டையில் 18 வருஷம் கடை. எனக்கு எலெக்ட்ரிக் வண்டியில் வருமானம் இல்லை என்பதால் கசப்பாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளவும்.

ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை. உண்மை. பிரேக் ஷூ, டயர், பேரிங், முன் ஃபோர்க் எல்லாம் அதே மாதிரி தேயும். என்னிடம் அதற்கு வாங்க, செய்கிறேன். ஆனால் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் வந்தால் நான் மட்டுமல்ல, தெருவில் எந்த மெக்கானிக்கும் தொடமாட்டான். லேப்டாப்பைச் செருகிப் பார்க்க வேண்டும், அது கம்பெனிக்காரனிடம்தான் இருக்கும். அதனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சர்வீஸ் சென்டரைப் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை காலை 9 மணிக்குப் போங்கள். வாசலில் எத்தனை வண்டி தூசி படிந்து நிற்கிறது, வந்தவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். ஒரே கம்பெனியாக இருந்தாலும் ஒரு ஏரியா சென்டர் நன்றாக இருக்கும், அடுத்தது கழுத்தறுப்பாக இருக்கும்.

பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிற மாடல் என்றால் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்ற விடாதீர்கள். டியூப்லெஸ் டயர்தானே, வண்டியில் வைத்தே ஸ்ட்ரிப் போட்டு அடைக்கலாம். புது டயர் மாற்றும்போது மட்டும் சென்டருக்குப் போங்கள். சக்கரத்தைக் கழற்றுகிறேன் என்று ஒரு பையன் மோட்டார் ஒயரை அறுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

#12 முடிச்சூர்க்காரன் | 15 ஜூன் 2025

மெக்கானிக் அண்ணன் சொன்னபடி நேற்று காலை இரண்டு சென்டருக்குப் போனேன். ஒன்றில் 40 வண்டிக்கு மேல் நின்றது. ஒரு பெரியவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மூணாவது சனிக்கிழமை" என்றார். இன்னொன்றில் ஏழு வண்டி, டீ கொடுத்தார்கள். முடிவு எடுத்தாகிவிட்டது.

ஈபி கணக்கு யாராவது சொல்ல முடியுமா? எங்கள் வீட்டில் இரண்டு மாசத்துக்கு 460 யூனிட் ஓடும்.

#13 வயர்மேன்_தாத்தா | 15 ஜூன் 2025

460 என்று சொன்னீர்களே, அங்கேதான் வலி இருக்கிறது. நம்ம ஊரில் 500 யூனிட் ஒரு வேலி. அதற்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த நூறு யூனிட்டுக்கு 2.35, அப்புறம் 4.70, கடைசி நூறுக்கு 6.30. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 போய்விடும், நூறுக்கு மேலே இருந்து 4.80 என்று போடுவான். 400க்கு மேல் 6.45, 500க்கு மேல் 8.55.

நீங்கள் மாசம் 1,100 கி.மீ. ஓட்டினால் பேட்டரிக்கு 33 யூனிட் வேண்டும். சார்ஜரில் சூடாகப் போகிறதையும் சேர்த்து 37, 38. இரண்டு மாசத்துக்கு 75 யூனிட். 460 என்பது 535 ஆகும். இப்போது சுமார் 1,550 கட்டுகிறீர்கள், அது 2,400க்குக் கிட்ட வரும். 830 ரூபாய் அதிகம். அதில் 280 ரூபாய், வேலியைத் தாண்டியதற்கு மட்டுமே. வீட்டில் 35 யூனிட் குறைக்க வழி இருந்தால் பாருங்கள். கீசரைப் பாருங்கள் முதலில்.

அப்படியே விட்டாலும் இரண்டு மாசப் பெட்ரோல் 5,600 எங்கே, 830 எங்கே.

#14 பெட்ரோல்_பக்தன் | 15 ஜூன் 2025

சரி, பெட்ரோல் கணக்கில் தோற்றுவிட்டேன். பேட்டரி போனால்? மச்சானுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள்.

#15 இரவுப்பறவை_குரோம்பேட்டை | 16 ஜூன் 2025

அந்தக் கேள்வி நியாயமானது. வாங்கும்போதே வாரன்டியை நீட்டிக்கிற திட்டத்தைப் பணம் கொடுத்து எடுங்கள். 8 வருஷம், 80,000 கி.மீ. என்று இப்போது தருகிறார்கள். பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவது என்று எழுதியிருக்கிறதா, அல்லது "பேட்டரி பழுதானால்" என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு. அண்ணனுக்கு வருஷம் 13,000 கி.மீ. ஓடும், ஆறு வருஷத்தில் 80,000 முடிந்துவிடும்.

என் வண்டி 61,000 ஓடியிருக்கிறது. புதுசில் 98 வந்தது, இப்போது 86 வருகிறது. நான் செய்வது இரண்டே விஷயம். மத்தியான வெயிலில் ஓட்டிவிட்டு வந்ததும் செருகுவதில்லை, சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துத்தான். அப்புறம் தினமும் 80, 90 சதவீதத்தில் எடுத்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுசாக நூறு வரை விடுவேன். அப்போதுதான் செல்கள் எல்லாம் ஒரே அளவுக்கு வரும்.

#16 நன்மங்கலம்_வாசகி | 16 ஜூன் 2025

முடிச்சூர் என்றதும் ஒன்று சொல்ல வந்தேன். 2015இல் உங்கள் ஏரியா முங்கியதை நான் மறக்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நான் அப்போதிருந்த பள்ளிக்கரணை வீட்டில் நான்கு நாள் கரண்ட் இல்லை. வண்டியில் 22 சதவீதம் இருந்தது. பால் வாங்கப் போக வேண்டுமா, மருந்து வாங்கப் போக வேண்டுமா என்று யோசித்து யோசித்து ஓட்டினோம். அன்றிலிருந்து வானிலை மையம் வங்கக்கடலில் தாழ்வு என்று வாய் திறந்தாலே நான் சார்ஜ் போட்டுவிடுவேன்.

பேட்டரிக்கு ஐபி 67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதனைக்கூடத்தில் பார்த்தது. இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் நிற்பதற்கு அல்ல. சார்ஜரும் சாக்கெட்டும் அந்தக் கணக்கில் வராது. பெட்டியை உங்கள் இடுப்புக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். 2015 தண்ணீர்க் கோடு உங்கள் பில்டிங் சுவரில் இன்னும் தெரிகிறதா?

#17 முடிச்சூர்க்காரன் | 17 ஜூன் 2025

தெரிகிறது மேடம். மீட்டர் போர்டுக்கு ஒரு சாண் கீழே. இந்த ஒரு பதிலுக்காகவே இங்கே கேட்டது நல்லதாகப் போயிற்று.

#18 முடிச்சூர்க்காரன் | 27 ஜூலை 2025

வண்டி வந்துவிட்டது. ஓசூரில் தயாரானது. சாலை வரி 2025 கடைசி வரை தமிழ்நாட்டில் விலக்கு என்று இருந்ததால் அது மிச்சம். மத்திய மானியம் பெரிதாக ஒன்றும் இல்லை. 2023 ஜூனில் வெட்ட ஆரம்பித்தார்கள், இப்போது 5,000 ரூபாய்தான் கிடைத்தது.

செயலாளர் விஷயம். தாத்தா சொன்னதை அப்படியே பேப்பரில் வரைந்து கொண்டுபோனேன். என் மீட்டர், என் செலவு, மாடிப்படியிலிருந்து தள்ளி வடக்குச் சுவர், ஆர்சிசிபி. கூடவே ஒரு தீயணைப்பு சிலிண்டரும் என் செலவில் மாட்டுகிறேன் என்றேன். அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் தம்பி வரைஞ்சது?" என்றார். கூட்டத்தில் எட்டு பேர் சரி, இரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் வரவில்லை. வயர், பைப், பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய் ஆனது.

முதல் நாள் மேடவாக்கம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து ஸ்டார்ட் பட்டனைத் தேடினேன். ஆன்தான். பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையைப் பற்றி விசாரித்தார்.

#19 பேட்டை_மெக்கானிக் | 27 ஜூலை 2025

பழைய வண்டியை என்ன செய்தீர்கள்?

#20 முடிச்சூர்க்காரன் | 27 ஜூலை 2025

மனசு வரவில்லை அண்ணா. மனைவி காய்கறி வாங்கப் போக வைத்திருக்கிறேன். மாசம் இரண்டு லிட்டர்.

#21 முடிச்சூர்க்காரன் | 2 நவம்பர் 2025

மூன்று மாசக் கணக்கு. 3,420 கி.மீ. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது 46இலிருந்து 52 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஆகஸ்ட் மாசம் ஒரு முறை திரை உறைந்து நின்றது, சென்டரில் சாஃப்ட்வேரை மாற்றிப்போட்டு அன்றே கொடுத்தார்கள். பில் தாத்தா சொன்னதற்கு 20 ரூபாய் பிசகாமல் வந்தது. கீசர் டைமர் போட்டும் 500ஐத் தாண்டினேன், மகனுக்கு ஆன்லைன் வகுப்பு, ஏசி.

இப்போது ஒரு தொல்லை. மழை தொடங்கியதிலிருந்து பார்க்கிங் பெட்டியில் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது. நேற்று ராத்திரி செருகிவிட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் 49 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன், திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு 38 கி.மீ. வேகத்திலேயே ஓட்டினேன். வீட்டு வாசலில் 3 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர் ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

#22 வயர்மேன்_தாத்தா | 2 நவம்பர் 2025

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பெட்டிப் பக்கமே விடாதீர்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது. உள்ளே ஈரம் இறங்கி எங்கேயோ கசிகிறது.

கேபிள் பெட்டிக்குள் மேல் பக்கத்திலிருந்து நுழைகிறதா, கீழிருந்தா?

#23 முடிச்சூர்க்காரன் | 2 நவம்பர் 2025

மேலிருந்து.

#24 வயர்மேன்_தாத்தா | 2 நவம்பர் 2025

நினைத்தேன். பைப் வழியாகத் தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது. கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து உள்ளே விடச் சொல்லுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மேல் ஓட்டையை அடைத்துவிட்டு, பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு துளை. அதைச் செய்கிற வரைக்கும் அந்தப் பெட்டிக்குப் போகிற லைனை அணைத்து வையுங்கள்.

#25 முடிச்சூர்க்காரன் | 3 நவம்பர் 2025

எலெக்ட்ரீஷியன் புதன்கிழமை வருகிறேன் என்கிறார். அதுவரை காய்கறி வண்டி.